மூன்று மணி நேரம்

பெரியகுளத்திலிருந்து வடுகபட்டிக்குப் போகிறவன் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் இருந்தால் போதும். அதுவே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்தில் விளைகிற பூண்டு மலையை விட்டு இறங்கினால் வந்து சேருகிற சந்தை இதுதான். 2019-ஆம் வருஷம் அந்த மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, 'இதை நாங்கள் எத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!' என்கிற முகத்தோடு வடுகபட்டிக்காரர்கள் மூட்டையைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

சந்தை வியாழக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும். ஆனால் சந்தைக்கு முந்தின நாளைத்தான் பார்க்க வேண்டும். மண்டியிலிருந்து மூட்டைகள் வீடுகளுக்கு வந்துவிடும். தாளை அறுத்து, வேரை நறுக்கி, மேல் சருகைத் தட்டி, பெரிது சிறிது பிரித்துக் கொடுத்தால் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. தெருவில் காற்றடித்தால் பூண்டுச் சருகு பறக்கும். நான் பிறந்து வளர்ந்த தெருவும் அப்படித்தான்.

போன வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை அந்தத் தெருவில் என் அண்ணன் மகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மணி ஆறரை இருக்கும். அவளும் அவள் பையனும் மூட்டைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து பூண்டு நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பையனுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. திடீரென்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டான்:

"தாத்தா, நான் பூண்டு நறுக்குனா அம்மாவைப் போலீஸ் புடிக்குமா?"

அவன் தாய் சிரித்துவிட்டாள். "பள்ளிக்கொடத்துல ஏதோ உறுதிமொழி எடுத்தாங்களாம், சித்தப்பா. பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு. அன்னையிலருந்து இதே கேள்விதான். நீ நறுக்குடா. நாளைக்குச் சந்தை."

பையன் சிரிக்கவில்லை. கத்தியையும் எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்தான்.

என் நாவல்களில் நாலு நீதிபதிகளைத் தீர்ப்புச் சொல்ல வைத்திருக்கிறேன். ஒரு பத்து வயதுப் பையனுடைய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "படிச்சுப் பார்த்துச் சொல்றேன்" என்று நழுவினேன். நழுவியது நழுவியதுதான், ஆனாலும் சொன்ன சொல்லுக்காகப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் தேசத்தில் குழந்தையின் உழைப்பைச் சட்டம் முதலில் கடிகாரம் வைத்து அளந்தது 1881-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஆலையில் வைக்கக் கூடாது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் வைக்கலாம். ஒன்பது மணி! இந்தக் கருணைக்கும் பின்னால் லங்காஷயர் ஆலை முதலாளிகளின் கவலை இருந்தது. பம்பாயில் நூல் மலிவாக விளைகிறதே என்று வயிறு எரிந்தவர்கள் அவர்கள். எரிந்த வயிற்றினால் நம் குழந்தைகளுக்குக் கொஞ்சம் நன்மை விளைந்தது. 1891-ல் ஒன்பது வயது, ஏழு மணி. 1922-ல் பன்னிரண்டு வயது, ஆறு மணி. 1934-ல் ஐந்து மணி. 1948-ல் பதினான்கு வயது, நாலரை மணி. வயது ஏற ஏற மணி இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இதைக் கோடு போட்டுப் பார்த்தால் முன்னேற்றம் என்றுதான் தோன்றும்.

ஆனால் கடிகாரத்தை ஏமாற்றுவது சுலபம். காலையில் ஓர் ஆலையில் ஒரு பெயரோடு வேலை செய்த குழந்தை, மத்தியானத்துக்கு மேல் இன்னோர் ஆலைக்கு இன்னொரு பெயரோடு போயிற்று. ஒவ்வோர் ஆலையிலும் சட்டப்படி அரை நேரம். குழந்தையின் உடம்பில் மட்டும் முழு நேரம். இது எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. ஒரே நாளில் இரண்டு ஆலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்குத் தண்டனை என்று 1926-ல் தனியாக ஒரு திருத்தமே கொண்டு வர வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் இதைவிடப் பழைய அனுபவம். 1844-ஆம் வருஷத்துச் சட்டம் அங்கே நாளை இரண்டாக வெட்டிப் பாதியை ஆலைக்கும் பாதியைப் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்தது. விடியலில் எழுந்து தறியோடு நின்ற குழந்தை மத்தியானம் பள்ளிக்கூடத்து மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்கிற்று. இந்த அரை நாள் ஏற்பாட்டை ஒழிக்க அவர்களுக்கு 1918-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டம் தேவைப்பட்டது. எழுபத்து நாலு வருஷம்! மறு வருஷம் வாஷிங்டனில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு, ஆலை வேலைக்குக் குறைந்தபட்ச வயது பதினான்கு என்று தீர்மானித்தது. இந்தியாவுக்கு மட்டும் பன்னிரண்டு போதும் என்று தனியாக ஒரு சலுகையும் செய்தது. அந்தச் சலுகை யாருக்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆலைக்கு வெளியே என்ன நடந்தது? அதைப் பார்க்க விட்லி என்பவருடைய தலைமையில் ஒரு ராயல் கமிஷன் வந்தது. 1931-ல் அது வெளியிட்ட அறிக்கையைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பீடிக் கொட்டடிகளிலும் கம்பளத் தறிகளிலும் ஐந்து வயதுக் குழந்தைகள், சில இடங்களில் பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம், இரண்டணாக் கூலிக்கு. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குக் குழந்தையை ஈடு வைக்கிற வழக்கம் அமிர்தசரஸில் மட்டுமல்ல, சென்னைப் பீடிக் கொட்டடிகளிலும் இருந்ததாக அந்தக் கமிஷனுக்குச் சாட்சியம் வந்தது. அதன் பிறகுதான் 1933-ல் குழந்தையின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. அடகு வைத்த தகப்பனுக்கு ஐம்பது ரூபாய் வரை அபராதம். அடகு பிடித்தவனுக்கு இருநூறு ரூபாய் வரை.

1938-ல் இன்னொரு சட்டம். பீடி, தீப்பெட்டி, வெடி, தோல் பதனிடுதல், கம்பளம் முதலிய தொழில்களில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களை வைக்கக் கூடாது என்றது. அந்தப் பட்டியலின் ஓரத்தில் ஒரு சின்ன வாசகம் உண்டு. குடும்பத்தார் மட்டுமே கூலியாள் இல்லாமல் செய்கிற வேலைக்கு இந்தத் தடை கிடையாது. இந்த வாசகத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தது போன்ற இந்த வாசகம், 1966-ஆம் வருஷத்துப் பீடித் தொழிலாளர் சட்டத்திலும் ஒரு வடிவத்தில் வந்தது. 1986-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் வந்தது. 2016-ஆம் வருஷத்துத் திருத்தத்திலும் வந்தது. குடும்பம் என்று ஒரு சொல்லைச் சொன்னால் நம் சட்டங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்றுகொள்கின்றன.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த விஷயம் ஏட்டுச் சமாசாரம் அல்ல. 1953-ல் ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது கிராமத்து ஆரம்பப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டு வந்தார். தினம் மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம். மிச்ச நேரம் பிள்ளைகள் தகப்பன் தொழிலைப் பார்த்துப் பழக வேண்டும். அவர் சொன்ன காரணம், பள்ளிக்கூடமும் இல்லை, பணமும் இல்லை. ஒரே கட்டடத்தில் ஒரே ஆசிரியர் காலையில் ஒரு கூட்டத்துக்கும் மாலையில் ஒரு கூட்டத்துக்கும் பாடம் சொன்னால் இரண்டு பங்கு பிள்ளைகள் படிக்கலாம். கணக்கு சரியான கணக்குத்தான். ராஜாஜிக்குக் கணக்கு எப்போது தப்பியது? ஆனால் தகப்பன் தொழில் என்ற சொல்லுக்கு நம் ஊரில் சாதி என்று இன்னொரு பெயர் உண்டு. 'குலக் கல்வித் திட்டம்' என்று பெயர் வைத்து எதிர்த்தவர்கள் அந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். பெரியார் எதிர்த்தார், அண்ணாதுரை எதிர்த்தார், காங்கிரசுக்குள்ளேயே எதிர்த்தார்கள். திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானத்துக்குச் சட்டசபையில் ஆதரவாக 138, எதிராக 138! 1954-ல் ராஜாஜி விலகினார், காமராஜ் வந்தார், அந்த வருஷம் மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

எனக்கு அந்தத் திட்டத்தில் படுகிற குறை இன்னொன்று. மூன்று மணி நேரம் படிப்பு, மிச்சம் வேலை என்று சர்க்கார் பிரித்தாலும் வேலை தன் பங்கோடு நிற்காது. அதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1960-களின் நடுவில் வடுகபட்டியில் நான் ஐந்தாம் வகுப்பு படித்தேன். என் பக்கத்தில் உட்காருகிறவன் என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரன். வாய்ப்பாட்டை நாங்கள் ராகம் போட்டுச் சொல்லுவோம். அவன் ராகமில்லாமல் சொல்லுவான். அவன் தகப்பனார் கூலி வேலை செய்கிறவர். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. பையன் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு மண்டிக்குப் போய் இருட்டுகிற வரைக்கும் பூண்டு பிரித்தான். கோடை விடுமுறையில் நானும் கூடப் போனேன். நாலணா கிடைக்கும். மண்டிக்காரர் கொடுமைக்காரர் அல்ல. டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பார். எங்கள் இருவருக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்ததும் என் தகப்பனார், "போதும்டா பூண்டு" என்று ஒரு வார்த்தை சொன்னார். நான் நின்றுவிட்டேன். அவருக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவரால் முடிந்தது. அவன் நிற்கவில்லை. முதலில் சாயங்காலம் மட்டும். பிறகு சந்தை நாளில் விடியற்காலையிலும். பிறகு வியாழக்கிழமைகளில் காலை வகுப்புக்கு வருவதில்லை. ஆனால் மத்தியானம் மணி அடித்ததும் ஓடி வருவான். காமராஜ் 1956-ல் தொடங்கி வைத்த மத்தியான உணவு அப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் உண்டு. தலைமயிரெல்லாம் பூண்டுச் சருகு ஒட்டியிருக்க, தட்டோடு வரிசையில் நிற்பான். சாப்பிட்டுவிட்டு மறுபடி ஓடுவான். வாத்தியார் திட்டுவார், ஆனால் சாப்பிடுகிறபோது திட்டமாட்டார். புதன்கிழமையும் வராமல் போனான். வருஷக் கடைசியில் பதிவேட்டில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். அவனை யாரும் படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்திய நாள் என்று ஒரு நாளைக் காட்டவும் முடியாது. பொழுது சாய்வதுபோல நடந்தது.

1947-லேயே சென்னை மாகாணத்தில் கடைகள், நிறுவனங்களுக்கென்று ஒரு சட்டம் வந்து, பதினான்கு வயது நிரம்பாத குழந்தையைக் கடையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. அந்தச் சட்டத்தின் பெயரை எங்கள் தெருவில் யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை.

பிற்பாடு வந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 1986-ஆம் வருஷத்துச் சட்டம் சில தொழில்களைத் தடுத்தது. தடுக்காத தொழில்களில் பதினான்குக்கு உட்பட்டவர்களும் வேலை செய்யலாம் என்று ஒப்புக்கொண்டு அதற்கு நேரம் வகுத்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை கூடாது. பிறகு ஒரு மணி ஓய்வு. ஓய்வையும் சேர்த்து மொத்தம் ஆறு மணி. இரவு ஏழிலிருந்து காலை எட்டு வரை கூடவே கூடாது. பத்து வருஷம் கழித்து, 1996 டிசம்பர் 10-ஆம் தேதி, சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் வேலை செய்த குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா என்ற வக்கீல் போட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதே தீர்ப்பு, அபாயமில்லாத வேலையில் இருக்கும் குழந்தைக்கு நாலிலிருந்து ஆறு மணி வேலை, குறைந்தது இரண்டு மணி படிப்பு என்றும் சொல்லிற்று. ராஜாஜி மூன்று மணியாவது கொடுத்தார்!

2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்து, ஆறிலிருந்து பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்றது. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளையை ஆறு மணி வேலையில் எப்படி வைப்பது? இந்த முரண்பாடு 2016-ல் ஒருவாறு தீர்ந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எந்த வேலையும் கூடாது. பதினான்கிலிருந்து பதினெட்டு வரை அபாயமான வேலை கூடாது. விதிவிலக்கு இரண்டே இரண்டு. ஒன்று, சினிமாவிலும் டெலிவிஷனிலும் நடிக்கிற குழந்தை. மற்றொன்று, வாசகர் எதிர்பார்த்தபடி, குடும்பம். பள்ளிக்கூட நேரத்துக்கு வெளியிலும் விடுமுறையிலும் பிள்ளை குடும்பத்துக்கு உதவலாம்.

பழைய கொல்லைக் கதவு மறுபடி திறந்துவிட்டது என்று பலர் கண்டித்தார்கள். குலக் கல்வி திரும்பி வந்துவிட்டது என்றும் எழுதினார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 2017-ல் போட்ட விதிகளைப் படிக்கிற வரையில். விதிகளை எழுதிய உத்தியோகஸ்தர் யாரோ, அவர் ஏதோ ஒரு பூண்டுத் தெருவில் வளர்ந்தவராக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் உதவக் கூடாது. இரவு ஏழிலிருந்து காலை எட்டு வரை கூடாது. இது பழைய பாட்டு. புதியது என்னவென்றால், உற்பத்தியிலிருந்து விற்பனை வரைக்கும் எந்தக் கட்டத்திலும், குடும்பத்துக்கு வருமானம் தருகிற வேலையை உதவி என்று சொல்லிப் பிள்ளையிடம் வாங்கக் கூடாது. பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலைக்குப் பதில் ஆளாகப் பிள்ளையை உட்காரவைக்கவும் கூடாது. முப்பது நாள் தொடர்ந்து சொல்லாமல் பள்ளிக்கு வராத பிள்ளையைப் பற்றித் தலைமை ஆசிரியர் மேலே தெரிவிக்க வேண்டும்.

இந்த மூன்று மணி என்கிற அளவு நம் ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் பள்ளிக்கூட நாளில் மூன்று மணி நேரம்தான் வேலை செய்யலாம். இங்கிலாந்தில் இரண்டு மணி. அங்கேயும் பள்ளி நாட்களில் ராத்திரி ஏழு மணிக்கு மேல் கூடாது. வித்தியாசம் ஒன்று உண்டு. பேப்பர் போடுகிற அந்தப் பையன் சைக்கிளுக்கோ பந்துக்கோ காசு சேர்க்கிறவனாகவும் இருக்கலாம். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் நம் நாட்டில் வேலை செய்வதாக எழுதப்பட்ட ஐந்திலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைகள் 1.01 கோடி. அவர்களில் சைக்கிளுக்குக் காசு சேர்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

பையனுக்குச் சொன்ன சொல்லோடு இரண்டு மாதம் கழித்து மறுபடி வடுகபட்டிக்குப் போனேன். அதுவும் ஒரு புதன்கிழமை. அதே திண்ணை, அதே மூட்டை. பையனை நடுவில் உட்காரவைத்துத் தீர்ப்பைச் சொன்னேன். உன் அம்மாவைப் போலீஸ் பிடிக்காது. முதலில் குற்றவாளி பிள்ளையை வேலைக்கு வைக்கிற முதலாளி. வியாபாரத்துக்காகப் பிள்ளையை வேலை செய்ய விட்டால்தான் பெற்றோர் மேல் குற்றம் வரும். ஒரு தடவை தண்டிக்கப்பட்ட பிறகும் அதையே செய்தால் 10,000 ரூபாய் வரை அபராதம். அம்மாவுக்கு நீ வீட்டு வேலையில் ஒத்தாசை செய்யலாம். சமையலுக்கு நாலு பூண்டு உரித்துக் கொடுக்கலாம். ஆனால் இந்த மூட்டை மண்டி மூட்டை; கூலி மூட்டை. இதை நீ தொடக் கூடாது. எட்டு மணிக்கு முன்னால் என்றால் எந்த மூட்டையையுமே தொடக் கூடாது.

"அப்ப இத்தனை நாள் நறுக்குனது தப்பா?" என்றான் பையன்.

அவன் தாய்க்குக் கோபம் வந்துவிட்டது, என் மேல்தான். "சட்டம் நல்லாத்தான் இருக்கு, சித்தப்பா. மூட்டைக் கூலியைக் கூட்டிக் குடுங்கன்னு அதுல எங்கயாச்சும் எழுதியிருக்கா? இவன் கை இல்லாட்டி எனக்கு ஒரு நாளைக்கு ஒரு மூட்டை கொறையும். அதை யாரு குடுப்பா?"

அதற்கு எழுதப்பட்டிருக்கவில்லை. 1881-லிருந்து புரட்டியும் அந்த விதியை நான் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தேன்.

எட்டு மணியாயிற்று. பையன் கையைக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவினான். 2022-ல் ஆரம்பித்த காலை உணவு அவன் பள்ளிக்கூடத்திலும் உண்டு. மணியடிப்பதற்கு முன்னாலே போனால்தான் கிடைக்கும். அன்று என்ன சாப்பாடு என்று அவனுக்குத் தெரியும். பையை மாட்டிக்கொண்டு ஓடினான். தலைமயிரில் ஒரு சருகு ஒட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன், காதில் விழவில்லை.

பாதி மூட்டை மிச்சம் இருந்தது. என் அண்ணன் மகள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் சித்தப்பா, வயசானவங்க நறுக்கக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்லையே?"

"இல்லை" என்றேன்.

பையன் வைத்துவிட்டுப் போன கத்தியை என் பக்கம் நகர்த்தினாள். அறுபது வருஷத்துக்குப் பிறகும் கை அதை மறந்திருக்கவில்லை. ஆனால் வேகம் இல்லை. பத்து மணிவரை நான் நறுக்கியதை எடுத்துப் பார்த்துவிட்டு, வேரை ஒட்ட அறுக்கவில்லை என்று பாதியைத் திருப்பிக் கொடுத்தாள்.